பேசிலிஸ்க் மதிப்பீடு: உடையும் அலைக்குள் குமிழி எண்ணும் மென்பொருள்

வாடைக் காலத்தில் கோணேசர் மலையடியில் உடையும் அலை வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் அதற்குள் மாட்டிக்கொண்ட காற்று. அந்தக் காற்று எத்தனை குமிழியாகப் பிரிகிறது, எந்தெந்த அளவில் பிரிகிறது என்பதைக் கணினியில் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால், இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் முதலில் எடுக்க வேண்டியது பேசிலிஸ்க்தான். திருகோணமலையில் பௌதிகவியலோ கணினி விஞ்ஞானமோ படித்துக்கொண்டு, இறுதியாண்டு ஆய்வுக்குக் கடலோடு சேர்ந்த ஒரு தலைப்புத் தேடுபவர்களை மனதில் வைத்தே இந்த மதிப்பீடு எழுதப்படுகிறது. மென்பொருளுக்குக் காசு இல்லை. செலவாகப் போவது உங்கள் நேரமும் கணினியும்தான், ஆகவே எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

எழுதியவர் பிரான்ஸைச் சேர்ந்த ஸ்தெஃபான் போப்பினே. அவர் இதற்கு முன் உருவாக்கிய ஜெரிஸ் என்ற மென்பொருளின் வாரிசு இது. யாரும் எடுத்துப் பார்த்து மாற்றிக்கொள்ள இடம் தரும் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. மெனு, பொத்தான் எதுவும் கிடையாது. சி மொழியைக் கொஞ்சம் நீட்டி எடுத்த ஒரு மொழியில் உங்கள் கணக்கை ஒரு கோப்பாக எழுதி, கியூசிசி என்ற அதன் சொந்தக் கொம்பைலரிடம் கொடுக்க வேண்டும். அது ஓடக்கூடிய நிரலை ஆக்கித் தரும். சி மொழி தெரியாதவர் முதலில் அதைப் படித்துவிட்டு வருவதே நேர்வழி. தெரிந்தவருக்கு வேலை வியக்கத்தக்க அளவு குறைகிறது. காற்றும் நீரும் பரப்பிழுவையும் புவியீர்ப்பும் சேர்ந்த ஒரு முழுக் கணக்கு இருநூறு வரிக்குள் முடிந்துவிடும்.

குமிழி விடயத்தில் இது மற்றவற்றை முந்துவதற்குக் காரணம் நீருக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள எல்லையை இது கையாளும் விதம். கணக்குப் பெட்டி சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படும், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பங்கு நீர் என்று பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணையும் அக்கம்பக்கத்துக் கட்டங்களையும் வைத்துக் கட்டத்துக்குள் ஒரு தளத்தை வரைந்து, அந்தத் தளத்துக்குக் கீழே உள்ள கனவளவை மட்டும் வெட்டி அடுத்த கட்டத்துக்கு நகர்த்துகிறது. எல்லை பல கட்டங்களுக்குப் பரவிக் கலங்குவதில்லை. வளைவையும் நேராக எண்ணை வகையிட்டுக் கணிப்பதில்லை. எல்லையைக் குறுக்கே கடக்கும் ஒரு வரிசைக் கட்டங்களைக் கூட்டி அங்கே நீரின் உயரம் என்ன என்று எடுத்து, அந்த உயரங்களிலிருந்து வளைவைக் காண்கிறது. இதனால் அசையாமல் நிற்க வேண்டிய குமிழி உண்மையிலேயே அசையாமல் நிற்கும். பரப்பிழுவையைச் சரியாகக் கையாளாத மென்பொருள்களில் அதே குமிழியைச் சுற்றிப் பொய்யான சுழல்கள் கிளம்பும். ஒரு மில்லிமீற்றர்க் குமிழிக்கு அந்தப் பொய்ச்சுழலே உண்மை ஓட்டத்தைவிட வேகமாக இருந்துவிடலாம்.

அடுத்தது, தேவையான இடத்தில் மட்டும் கட்டங்களை நுணுக்கும் வசதி. முப்பரிமாணத்தில் ஒரு கட்டம் எட்டாகப் பிரியும், அவை ஒவ்வொன்றும் மீண்டும் எட்டாகப் பிரியும். லெவல் 9 என்றால் ஒரு பக்கத்தில் 512 கட்டம். முழுப் பெட்டியையும் அப்படி நிரப்பினால் 13 கோடிக்கு மேல் போகும். லெவல் 10-இல் 107 கோடி. பேசிலிஸ்க் அலை முகடு, குமிழி, சுழல் இருக்கும் இடத்தை மட்டும் நுணுக்கி, அமைதியான ஆழத்தையும் மேலுள்ள காற்றையும் பருமனாக விட்டுவிடும். நீர்ப் பங்கிலும் வேகத்திலும் எவ்வளவு பிழை பொறுப்பது என்று நீங்கள் சொல்ல வேண்டும். அலையின் வேக அளவீட்டில் 0.005 அளவுக்கு வேகப் பிழையும், நீர்ப் பங்குக்கு 0.01 அளவும் வைத்துத் தொடங்கலாம். வேகப் பிழையைத் தளர்த்தினால் கணக்கு விரைவாக ஓடும், ஆனால் குமிழியை உடைக்கும் சுழல்களே காணாமல் போய்விடும்.

நிறுவுவது லினக்ஸில் மிகச் சுலபம். ஜிசிசி, மேக், காக் என்ற வழமையான லினக்ஸ் கருவிகள் இருந்தால் போதும். மூலக் கோப்புகளை ஒரே பொதியாக இறக்கலாம், அல்லது டார்க்ஸ் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக எடுத்தால் பின்னர் புதுப்பிப்பது எளிது. மூல அடைவுக்குள் போய், ஜிசிசிக்கான அமைப்புக் கோப்பை 'கொன்ஃபிக்' என்ற பெயரில் இணைத்துவிட்டு, மேக் கொடுக்க வேண்டும். பிறகு பேசிலிஸ்க் இருக்கும் பாதையை ஷெல்லின் தொடக்கக் கோப்பில் எழுத வேண்டும். இதை மறந்தால் கியூசிசி கிடைக்கவில்லை என்று வரும், புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே லினக்ஸ் துணை அமைப்பைப் போட்டுக்கொள்வது நல்லது. படமும் காணொளியும் வேண்டுமென்றால் வரைகலை நூலகத்தையும் தனியாகக் கட்ட வேண்டும். திரையில்லாத சேவையகத்தில் ஓட்டுபவர்கள் நினைவகத்திலேயே படம் வரையும் சிறிய வடிவத்தைத் தெரிவு செய்யலாம்.

உடையும் அலைக்கு ஆயத்தமான ஓர் உதாரணம் உள்ளேயே இருக்கிறது: மூன்றாம் படி ஸ்டோக்ஸ் அலை, அதாவது நீரலையின் வடிவத்தைத் தரும் ஒரு கணிதச் சூத்திரம். ஒரு அலைநீளம் நீளமுள்ள பெட்டி, வலமும் இடமும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும், அதனால் ஒரே அலை சுற்றிச் சுற்றி வரும். நீங்கள் கொடுக்க வேண்டியவை மூன்று: சாய்வு, ரெனோல்ட்ஸ் எண் (பிசுக்குமையோடு ஒப்பிட்டால் ஓட்டம் எவ்வளவு வலுவானது), போண்ட் எண் (பரப்பிழுவையோடு ஒப்பிட்டால் புவியீர்ப்பு எவ்வளவு வலுவானது). சாய்வு என்பது வீச்சத்தை அலை எண்ணால் (2π-ஐ அலைநீளத்தால் வகுத்தது) பெருக்கியது. அது ஏறத்தாழ 0.3-க்குக் கீழே இருந்தால் அலை உடையாது. 0.35-இல் முகடு மெதுவாக வழியும். 0.55 கொடுத்தால் சுருண்டு விழும், குமிழி வேண்டுபவர்களுக்கு அதுதான் தேவை. காற்றின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் 850-இல் ஒரு பங்கு.

ரெனோல்ட்ஸ் 40,000, போண்ட் 200 என்று ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி காணும் இரண்டு எண்களையும் அப்படியே எடுத்துப் போடுவதற்கு முன், அவை எந்த அலையைக் குறிக்கின்றன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். போண்ட் 200 என்பது நீரில் 24 சென்ரிமீற்றர் அலைநீளம். அந்த அலை செக்கனுக்கு 61 சென்ரிமீற்றர் வேகத்தில் போகும், ஆவர்த்தன காலம் 0.39 செக்கன். அந்த நீளத்துக்கு உண்மை நீரின் ரெனோல்ட்ஸ் எண் மூன்றரை இலட்சத்துக்கு மேல் வரும். ஆகவே 40,000 என்று கொடுத்தால் நீரைவிட ஒன்பது மடங்கு பிசுக்குமை உள்ள ஒரு திரவத்தையே நீங்கள் உடைக்கிறீர்கள். கணினியின் கொள்ளளவுக்காகச் செய்த சமரசம் அது. ஆய்வறிக்கையில் இதை வெளிப்படையாக எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இனி ஓட்டத்தில் என்ன தெரியும் என்று பார்ப்போம். சாய்வு 0.55-இல் முதல் ஆவர்த்தன காலம் முடிவதற்குள் முகட்டின் முன்பக்கம் செங்குத்தாகிவிடும். பிறகு முகட்டின் நுனியிலிருந்து ஒரு மெல்லிய நீர்த்தகடு முன்னோக்கி நீண்டு, வளைந்து, முன்னால் உள்ள நீரில் இறங்கும். இறங்கிய கணத்தில் தகட்டுக்கு அடியிலிருந்த காற்று, முகட்டின் நீளம் முழுக்க ஒரு குழாயாக அடைபட்டுவிடுகிறது. தகடு விழுந்த இடத்திலிருந்து இன்னொரு நீர்வீச்சு மேலெழும்பும், துளிகளில் பல அங்கிருந்துதான் பிறக்கும். காற்றுக்குழாயின் மேற்பரப்பில் முதலில் நெளிவு தெரியும், அடுத்து இடையிடையே கழுத்துப் போல் ஒடுங்கும், ஒடுங்கிய இடங்களில் அறுந்து பெரிய துண்டுகளாகும். அந்தத் துண்டுகளைக் கீழேயுள்ள கொந்தளிப்பு பிய்த்துச் சிறிதாக்கும். இந்தப் படிநிலையை மிகக் குறுகிய இடைவெளிகளில் சேமித்து வையுங்கள், குமிழியின் முழுக் கதையும் இங்கேதான். முகட்டின் குறுக்குத் திசையில் தொடக்க நிலை ஒரே சீராக இருப்பதால், வேகத்தில் மிகச் சிறிய தற்செயல் குழப்பம் ஒன்றைச் சேர்ப்பது நல்லது. சேர்க்காவிட்டால் காற்றுக்குழாய் தேவைக்கு அதிகமான நேரம் நேர்க்குழாயாகவே நிற்கும்.

இருபரிமாண ஓட்டத்தில் குமிழி எண்ணாதீர்கள். அங்கே வட்டமாகத் தெரியும் ஒவ்வொன்றும் உண்மையில் முடிவில்லாத நீள உருளை. அது கழுத்தொடுங்கி அறுவதற்கு வழியே இல்லை. அலை எப்போது உடைகிறது, எவ்வளவு சக்தி விரயமாகிறது என்று பார்க்க இருபரிமாணம் போதும், சாதாரண மடிக்கணினியே அதைத் தாங்கும். அளவுகளைச் சரிபார்க்க அதை ஓட்டிவிட்டு முப்பரிமாணத்துக்குப் போங்கள்.

எந்த அளவுக் குமிழியை நம்பலாம்? கடலில் குமிழிகளின் அளவுப் பரம்பலுக்கு ஒரு பெயர்பெற்ற வடிவம் உண்டு. டீன், ஸ்டோக்ஸ் இருவரும் 2002-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட அளவீடு அது. ஆரை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றருக்கு மேல் குமிழிகளின் எண்ணிக்கை ஆரையின் மறை பத்தின்கீழ் மூன்று (−10/3) அடுக்கில் குறையும். அதற்குக் கீழே மறை மூன்றின்கீழ் இரண்டு (−3/2) அடுக்கு. இரண்டும் சந்திக்கும் இடம் ஹின்ஸ் அளவு. அதைவிடப் பெரிய குமிழியைக் கொந்தளிப்பு உடைத்துவிடும், சிறியதைப் பரப்பிழுவை காப்பாற்றிவிடும். ஹின்ஸ் 1955-இல் தந்த சூத்திரப்படி விட்டம் என்பது 0.725 பெருக்கல் பரப்பிழுவைக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தின் 0.6 அடுக்கு பெருக்கல் சக்தி விரய வீதத்தின் மறை 0.4 அடுக்கு. கிலோகிராமுக்கு ஒரு வாற்று விரயமானால் 2.4 மில்லிமீற்றர் வரும். பத்து வாற்று என்றால் 0.94.

இதைக் கட்ட அளவோடு ஒப்பிடுங்கள். 24 சென்ரிமீற்றர் அலைக்கு லெவல் 9-இல் ஒரு கட்டம் 0.47 மில்லிமீற்றர். விட்டத்துக்குக் குறைந்தது நான்கு கட்டமாவது வேண்டும் என்று வைத்தால் நம்பக்கூடிய மிகச் சிறிய குமிழி 1.9 மில்லிமீற்றர். ஹின்ஸ் அளவை ஒட்டியே கட்டம் தீர்ந்துவிடுகிறது. லெவல் 10-இல் 0.94 வரை இறங்கலாம், லெவல் 11-இல் 0.47 வரை. ஆகவே மறை மூன்றின்கீழ் இரண்டு என்ற சிறுகுமிழிப் படித்திறனைக் காட்டப் போகிறேன் என்று லெவல் 9-ஐ வைத்துக்கொண்டு யாரும் ஆய்வு முன்மொழிவு எழுத வேண்டாம். பெருங்குமிழிப் பக்கத்துப் படித்திறன் லெவல் 10-இலேயே நன்றாக வரும். மொஸ்டர்ட், போப்பினே, டைக் மூவரும் 2022-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு லெவல் 11 வரை போனது.

குமிழி எண்ணுவதற்கு 'டாக்' என்ற பகுதி உதவும். காற்றுப் பங்கு ஒரு எல்லைக்கு மேல் உள்ள கட்டங்களைப் பார்த்து, தொட்டுக்கொண்டிருக்கும் கட்டங்களுக்கு ஒரே இலக்கம் கொடுக்கும். அதன் பின் ஒவ்வொரு இலக்கத்துக்கும் காற்றுக் கனவளவைக் கூட்ட வேண்டும், கனவளவிலிருந்து சமான ஆரையை எடுக்க வேண்டும். மேலேயுள்ள திறந்த காற்றும் ஓர் இலக்கமாகவே வரும், மிகப் பெரிய கனவளவு அதுதான், அதைக் கழித்துவிடுங்கள். எல்லையை 0.001 என்று மிகத் தாழ்வாக வைத்தால் அருகருகே உள்ள இரண்டு குமிழி ஒன்றாகச் சேர்ந்து எண்ணப்படும். மேற்பரப்பை ஒட்டிய குமிழி திறந்த காற்றோடு சேர்ந்து மறைந்தே போகும். 0.5 வரை உயர்த்தினால் சிறு குமிழிகள் விடுபடும். இரண்டு மூன்று எல்லைகளில் எண்ணிப் பார்த்து வரைபின் வடிவம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அந்த அளவு வீச்சை அறிக்கையில் சேர்க்கக்கூடாது. ஒரு கட்டத்தைவிடச் சிறிய துணுக்குகள் ஆயிரக்கணக்கில் வரும், அவற்றை வடிகட்டிவிட்டே வரைபு போட வேண்டும்.

பேசிலிஸ்க்கின் மிகப் பெரிய குறை குமிழிகள் ஒன்றுசேரும் விதம். இரண்டு குமிழிகளுக்கு நடுவிலுள்ள நீர்ப்படலம் ஒரு கட்டத்தைவிட மெலிந்தால் அவை தானாகவே ஒன்றாகிவிடும். உண்மை நீரில் அந்தப் படலம் மிக மெல்லியதாகும் வரை, மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு வரும் வரை, தாக்குப்பிடிக்கும். கடல்நீரில் உப்பு இருப்பதால் குமிழிகள் சேர்வது இன்னும் தடைப்படுகிறது. கொட்டியாரக் குடாவின் நுரை, மகாவலித் தண்ணீரின் நுரையைவிட மணியாகவும் நீண்ட நேரமும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மென்பொருளுக்கு உப்பு தெரியாது. அது கட்டத்தின் அளவை மட்டுமே பார்க்கிறது. லெவலை மாற்றும்போது படலம் அறுகிற நேரமும் மாறும், அதனால் துளிகளின் எண்ணிக்கை குமிழிகளைவிட அதிகமாக ஆட்டம் காட்டும். படலம் ஒரு குறித்த தடிப்புக்கு வந்ததும் வேண்டுமென்றே துளையிடும் ஒரு முறையைக் கிர்கோவும் கூட்டாளிகளும் 2022-இல் கொண்டுவந்தார்கள். அதனால் அறுகிற தடிப்பு கட்டத்தின் அளவைப் பொறுத்திராமல் உங்கள் கையில் இருக்கும். துளி எண்ணுபவர்களுக்கு அது அவசியம்.

கணக்கு நடுவில் செத்துப்போவதற்கு அடிக்கடி காரணமாவது உந்தக் காப்பு இல்லாமை. நீரும் காற்றும் அடர்த்தியில் 850 மடங்கு வேறுபடும்போது, உந்தத்தையும் கனவளவோடு ஒத்திசைவாக நகர்த்தும் துணைக்கோப்பைச் சேர்க்காவிட்டால், எல்லையோரக் காற்றில் அர்த்தமில்லாத வேகங்கள் கிளம்பும். நேரப்படி, அதாவது கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் நேரம், சுருங்கிச் சுருங்கி ஓட்டம் நின்றதுபோல் ஆகிவிடும். நேரப்படி திடீரென்று பத்திலொன்றாகக் குறைந்தால் முதலில் இதைப் பாருங்கள். பரப்பிழுவையும் நேரப்படியைக் கட்டுப்படுத்தும். லெவல் 10-இல் அந்த எல்லை செக்கனில் ஏறத்தாழ ஆறாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு ஆவர்த்தன காலத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் படிகள். கட்டத்தைப் பாதியாக்கினால் அந்த எல்லை 2.8 மடங்கு சுருங்கும். கட்டங்களின் எண்ணிக்கை நான்கு முதல் எட்டு மடங்கு கூடும். எனவே ஒரு லெவல் ஏறினால் செலவு பத்து மடங்குக்குக் குறையாது, இருபதையும் தாண்டலாம்.

கணினி எப்படி இருக்க வேண்டும்? ஒரு கட்டத்துக்கு நாற்பது எண்கள், ஒவ்வொன்றும் 8 பைட் என்று வைத்தால் 5 கோடிக் கட்டத்துக்கு 16 ஜிகாபைட் நினைவகம் எண்களுக்கே போய்விடும். மரக் கட்டமைப்புக்கு அதற்கு மேல் வேண்டும். அதே ஓட்டத்தில் ஒரு கணத்தைச் சேமிக்க ஒவ்வொரு கணியத்துக்கும் 0.4 ஜிகாபைட்டுக்குச் சற்று அதிகம் பிடிக்கும். மூன்று திசை வேகம், அமுக்கம், நீர்ப் பங்கு என்று ஐந்தைச் சேமித்தாலே 2 ஜிகாபைட் தாண்டும். எட்டுக் கோர் உள்ள மேசைக் கணினியில் லெவல் 8 முப்பரிமாணத்தைப் பழகிக்கொள்ளலாம். லெவல் 10 வேண்டுமென்றால் எம்பிஐ (கணினிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் முறை) வழியாகப் பல கணுக்களில் ஓட்ட வேண்டும், பல்கலைக்கழகக் கணினித் தொகுதியில் நேரம் கேட்டு எழுதித்தான் ஆக வேண்டும். மின்வெட்டை நினைவில் வைத்து, முழு நிலையையும் கோப்பில் கொட்டி மீண்டும் அங்கிருந்தே தொடங்கும் வசதியை முதல் நாளிலிருந்தே நிரலில் சேர்த்துவிடுங்கள். இரண்டு கோப்புகளை மாறி மாறி எழுதினால், எழுதும்போதே மின்சாரம் போனாலும் மற்றது மிஞ்சும்.

ஆவணங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மூலக் கோப்பும் சமன்பாட்டோடும் விளக்கத்தோடும் வாசிக்கக்கூடிய பக்கமாகவே இருக்கிறது, பரிசோதனைக் கணக்குகளின் வரைபுகளும் கூடவே வரும். எல்லாம் ஆங்கிலத்தில்தான். பயனர்கள் தாமே எழுதி வைத்த பக்கங்களின் தரம் ஏறியும் இறங்கியும் இருக்கும். அவற்றிலிருந்து எடுப்பதை வரிக்கு வரி வாசித்துவிட்டு எடுங்கள்.

மாற்று மென்பொருள்களைக் கேட்பவர்களுக்கு: ஒப்பன்ஃபோமின் இன்டர்ஃபோம் துறைமுகச் சுவரில் அலை எவ்வளவு விசையோடு மோதுகிறது என்று பார்க்க நல்ல தெரிவு. ஆனால் அங்கே எல்லை சில கட்டங்களுக்குப் பரவும், குமிழியின் அளவுப் பரம்பலுக்கு அதை நம்ப முடியாது. டுவல்எஸ்பிஎச்சிக்ஸ் வரைகலை அட்டையில் மிக வேகமாக ஓடும், நொறுங்கும் நீரை நன்றாகக் காட்டும். வழமையான ஓட்டத்தில் அது காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை, குமிழி இருக்க வேண்டிய இடம் வெறும் வெற்றிடம். அசைவூட்டப் படங்களுக்கான திரவ மென்பொருள்களில் வரும் நுரை, கண்ணுக்கு அழகாக இருக்கும்படி விதிகள் வைத்துத் தூவியது. அதிலிருந்து ஓர் எண்ணைக்கூட எடுக்கக்கூடாது.

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கரைக்கு வரும் அலையை அப்படியே போடலாமா என்ற கேள்வி எப்படியும் வரும். எட்டுச் செக்கன் அலைக்கு ஆழ்கடலில் அலைநீளம் நூறு மீற்றர். அதன் போண்ட் எண் மூன்றரைக் கோடி. நூறு மீற்றரையும் ஒரு மில்லிமீற்றரையும் ஒரே பெட்டியில் பிடிக்கும் கணினி எங்கும் இல்லை. கரையில் அலை உடைவது தரை மேடாவதால், ஆயத்த உதாரணமோ ஆழ்நீரில் சாய்வு மிகுந்து உடைவது. கரையில் அலை எங்கே உடைகிறது, எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதற்குப் பேசிலிஸ்க்கிலேயே உள்ள பல்லடுக்குத் தீர்வியைப் பயன்படுத்துங்கள், அதில் குமிழி கிடைக்காது. நீலத் திமிங்கிலம் கேட்கும் கடலோசைக்காக இதை நாடுபவர்களுக்கும் ஒன்று. ஒரு மில்லிமீற்றர் ஆரையுள்ள குமிழி பிறந்ததும் 3.3 கிலோஹேட்ஸ் மீடிறனில் ஒலிக்கும். நீரையும் காற்றையும் சேர்த்துக் கணிக்கும் இந்தத் தீர்வி காற்றை அமுக்க முடியாததாக எடுக்கிறது, அதனால் அந்த ஒலி இதில் பிறக்கவே பிறக்காது. குமிழிகளின் ஆரைப் பட்டியலை இங்கிருந்து எடுத்து, ஒவ்வொன்றின் மீடிறனையும் மினார்ட் 1933-இல் தந்த சூத்திரத்தால் கணிக்கலாம். ஒலியையே தீர்க்க வேண்டுமென்றால் ஃபுஸ்டரும் போப்பினேயும் 2018-இல் வெளியிட்ட அமுக்கத்தக்க தீர்வியை எடுத்து, ஒரு குமிழியில் தொடங்குங்கள்.